கரை தெரியுது, கால் படலை

ரொம்ப நாளாச்சு எழுதி. வழக்கமா சோம்பேறித்தனம்தான் காரணம். இந்த முறை நிஜமாவே தூக்கம் இல்லைங்க :)

என் சித்தி பையன் கப்பல்ல டெக் கேடட். ஒரு வருஷம் நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோ படிச்சுட்டு, 18 மாசம் கடல்ல பயிற்சி. அந்தக் காலத்துல மாணவர்களுக்குன்னே பம்பாய்ல தனிக் கப்பல் இருந்துச்சு. 1927-ல் 'டஃபரின்', 1972-ல் 'ராஜேந்திரா'. அதுக்குப் பதிலா 1993-ல் வந்த 'சாணக்கியா' கரையில இருக்கிற கல்லூரி. ஆக இப்போ சரக்குக் கப்பலேதான் வகுப்பறை.

தம்பிக்குக் கிடைச்சது நிலக்கரிக் கப்பல். பாரதீப்ல ஏத்தி எண்ணூர்ல இறக்கணும். இறக்க இடம் காலியில்லைன்னு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திட்டாங்க. நாளைக்கு, நாளன்னிக்குன்னு சொல்லிச் சொல்லியே பதினெட்டு நாள்!

கொடுமை என்னன்னா, எங்க வீடு கும்மிடிப்பூண்டி. அதே திருவள்ளூர் மாவட்டம்தான். சித்தி ஒரு சாயங்காலம் பழவேற்காடு கடற்கரைக்குப் போய், தூரத்துல தெரிஞ்ச நாலஞ்சு விளக்கைக் காட்டி, "இதுல எதுடா அவனோடது?"ன்னு கேட்டாங்க. எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஏதோ ஒண்ணைக் காட்டினேன்.

சிக்னல் கிடைச்ச ஒரு ராத்திரி பேசினான். "நங்கூரம் போட்டாச்சுல்ல, ஜாலியா தூங்கலாமேடா"ன்னேன்.

"போண்ணா.. மதியம் பன்னெண்டுலேர்ந்து நாலு வாட்ச். திரும்ப நடுராத்திரி பன்னெண்டுலேர்ந்து நாலு. காத்து திரும்பினா நங்கூரம் இழுபடுதான்னு பாக்கணும். காலையில துரு சுரண்டணும், பெயிண்ட் அடிக்கணும். பயிற்சிப் புத்தகம் வேற எழுதணும். அதுகூடப் பரவாயில்லை. எப்ப உள்ளே போவோம்னு தெரியாம இருக்கிறதுதான் ஆளைத் தின்னுது."

கப்பல்ல இதுக்குச் சட்டமே இருக்கு. எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு. அதை ரெண்டு துண்டுக்கு மேல பிரிக்கக் கூடாது, அதுல ஒண்ணு 6 மணி நேரமாவது இருக்கணும். ஏழு நாள்ல 77 மணி நேரம். தினமும் ஒரு தாள்ல குறிச்சு வைக்கணும். தம்பி 7 மணி நேரம்னு எழுதப் போனப்ப, பெரியவர் ஒருத்தர் "10னு போட்டுடு, வம்பு வேணாம்"னாராம். போட்டுட்டான். "கிடைக்கிற கொஞ்ச நேரத்துலயும் அதை நினைச்சே தூக்கம் வரலைண்ணா"ன்னான்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னா நானும் அதையேதான் செஞ்சுக்கிட்டு இருந்தேன். சிப்காட்ல ஒரு இரும்புத் தொழிற்சாலைக்கு சாஃப்ட்வேர் போடுற வேலை. மூணு தடவை தேதி தள்ளிப்போச்சு. தினம் பதிமூணு மணி நேரம் உட்கார்ந்துட்டு, டைம்ஷீட்ல சமத்தா 8னு போடுவேன். நாலாவது ராத்திரி, டெஸ்ட்னு நினைச்சு லைவ் டேட்டாபேஸ்ல கை வெச்சுட்டேன். எடை மேடைப் பதிவு ரெண்டு மணி நேரத்துக்கு மொத்தமா காலி. வெளியே பழைய இரும்பு லாரிங்க வரிசையா நிக்குது. பேக்கப்லேர்ந்து மீட்டெடுக்க விடிஞ்சுபோச்சு.

என்னோடது லாரியோட போச்சு. 2010 ஏப்ரல் 3-ஆம் தேதி 'ஷென் நெங் 1'னு ஒரு நிலக்கரிக் கப்பல், ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் பவளத்திட்டுல போய் ஏறிச்சு. அப்ப பணியில இருந்த அதிகாரி, அதுக்கு முந்தின முப்பத்தெட்டரை மணி நேரத்துல தூங்கினது ரெண்டரை மணி நேரம்தான்னு விசாரணை அறிக்கை சொல்லுது.

இதைத் தம்பிகிட்ட சொன்னேன். மறுநாள் தாள்ல 7னே எழுதி, தலைமை அதிகாரிகிட்ட நேரா கொண்டுபோய் நீட்டிட்டான். செம டோஸாம். ஆனா நடுராத்திரி வாட்ச் முடிச்சவங்களுக்குக் காலை வேலை கிடையாதுன்னு ஆச்சு. அப்புறம் ஜன்னல் வட்டத்துல துண்டைச் சொருகி இருட்டாக்கிட்டு, வாட்ச் முடிச்சதும் டீ குடிக்காம, போனை அணைச்சுட்டுப் படுக்க ஆரம்பிச்சிருக்கான். சின்ன விஷயம்தான். ஆனா பேச்சுல இருந்த எரிச்சல் குறைஞ்சிருந்துச்சு.

அவன் பண்ணிட்டான்னு நானும் டைம்ஷீட்ல 13னு போட்டேன். "பேசலாம்"னு மேனேஜர்கிட்டேர்ந்து ஒத்தை வார்த்தையில மெயில். இன்னும் பேசலை, பார்ப்போம்.

பத்தொன்பதாம் நாள் கப்பல் உள்ளே வந்துச்சு. தம்பிக்கு ஏழு மணி நேரம் அனுமதி. மீஞ்சூர், பொன்னேரி வழியா பைக்ல கூட்டிட்டு வந்தேன். சித்தி காலையிலேர்ந்து அடுப்படியிலதான். இறா தொக்கு, மீன் குழம்பு, வறுவல்னு ஒரே அமர்க்களம். ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பான், அப்படியே சுவத்துல சாய்ஞ்சு தூங்கிட்டான்.

நான் எழுப்பப் போனேன். சித்தி விடலை. தலகாணியை வெச்சுட்டு, ஃபேனை அவன் பக்கம் திருப்பிட்டு, நாலு மணி நேரம் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க. கிளம்பும்போது குழம்பு தூக்குல போச்சு.

அன்னிக்கு ராத்திரி நானும் பத்து மணிக்கே படுத்துட்டேன். நீங்க கடைசியா உண்மையான மணிக்கணக்கு எழுதினது எப்போ?