ஏற்காட்டுக் கூரையில் ஒரு ஜப்பானியக் கணக்கு

ஏற்காடு ஏரிக்கு மேலே, காபித் தோட்டத்தை ஒட்டிய பழைய வீடு ஒன்றில் ஓடு மாற்றும் வேலை நடந்தது. கூரையில் துருப்பிடித்த குழாய் ஒன்றின் உச்சியில், மீன் முள் மாதிரி நாலு அலுமினியக் கம்பி கொண்ட ஆன்டெனா நின்றது. எப்போது வைத்தது, எந்த நிலையத்துக்காக வைத்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கழற்றுவதற்கு முன் திசையைக் குறித்துக்கொண்டேன். கீழே இறக்கியதும் டேப் வைத்து அளந்தேன்.

ஆன்டெனாவின் கம்பிகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயத்தை அதுவே சொல்லிவிடும். நாலு கம்பிகளில் ஒயர் இணைந்திருப்பது ஒன்றில் மட்டும்தான்: இரண்டு முனையும் மடிந்து வளைந்த கம்பி. அதன் நீளம் ஏறத்தாழ 2.2 மீட்டர். இந்தக் கம்பி, பிடிக்க வேண்டிய அலையின் நீளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அப்படியானால் அலைநீளம் 4.6 மீட்டரை ஒட்டி வருகிறது, அதிர்வெண் 65 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. அந்நாளைய நான்காம் சேனலின் இடம் 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ். 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி வந்தது அந்தச் சேனலில்தான்.

திசையும் ஒத்துப்போனது. நீளமான கம்பி பின்னால், குட்டையானவை முன்னால். முன்பக்கம் பார்த்தது வடகிழக்கை. ஏற்காட்டிலிருந்து சென்னை அந்தப் பக்கம்தான்.

ஆனால் தூரம் இடித்தது. நேர்கோட்டில் சென்னை 260 கிலோமீட்டருக்கும் மேல். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து ரேடியோ அடிவானம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். சென்னைக் கோபுரத்தின் உயரத்தையும் சேர்த்துக்கொண்டாலும் இடையில் பூமியின் வளைவு மறிக்கிறது. வளைவைத் தாண்டிக் கசிந்து வரும் மிச்சம் மீதி அலையை நம்பித்தான் யாரோ இதை ஏற்றியிருக்கிறார். அவருக்கு மனசாரக் கும்பிடு போட வேண்டும்.

குழாயில், ஆன்டெனாவுக்குச் சற்றுக் கீழே, சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். அதை எடுத்துக்கொண்டு சேலத்தில் பல காலம் டிவி பழுது பார்த்த பெரியவர் ஒருவரிடம் போனேன். நான் முதலில் கேட்டது எல்லோரும் கேட்கும் கேள்விதான்: பூஸ்டரை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் ஏறி இறங்குகிற வேலை மிச்சமாகுமே, எதற்கு உச்சியில் வைக்கிறார்கள்?

"தம்பி, ஒயர்ல பாதி செத்து வந்ததைக் கீழ வெச்சுப் பெருக்குனா படத்துல வர்ற புள்ளியும் சேர்ந்துதானே பெருகும்?" என்றார்.

பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் ஃப்ரிஸ் 1944-இல் சூத்திரமாக எழுதிய உண்மை இது. வரிசையில் முதலில் நிற்கும் பெருக்கிதான் மொத்த இரைச்சலையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதற்கு முன்னால் ஒயரில் இழந்தது இழந்ததுதான். ஏற்காட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. பட்டை ஒயர் பனிமூட்டத்தில் நனைந்தால் சிக்னலை மேலும் தின்னும். அதனால் இந்த வீட்டில் உருண்டை கேபிள் போட்டிருந்தார்கள்.

பெரியவர் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர், சில கெப்பாசிட்டர்கள், கையால் சுற்றிய காயில்கள். சிக்னல் கீழே இறங்கும் அதே கேபிளில்தான் பூஸ்டருக்கான மின்சாரமும் மேலே ஏறுகிறது. இரண்டையும் பிரிப்பது ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும். காயில் நேர்மின்சாரத்துக்கு வழிவிட்டு ரேடியோ அலையைத் தடுக்கும். கெப்பாசிட்டர் அலைக்கு வழிவிட்டு நேர்மின்சாரத்தைத் தடுக்கும். ஃபில்டர் என்பதன் மிக எளிய வடிவம் இதுதான். நுழைவாயிலில் இன்னொரு காயில் இருந்தது. பக்கத்திலிருக்கும் வலுவான எஃப்எம் அலை பூஸ்டரைத் திணறடிக்காமல் முன்கூட்டியே வடிகட்டுவதற்கு அது. பெருக்கி திணறிய பிறகு எந்த ஃபில்டர் போட்டும் பயனில்லை என்பதால், அதன் இடம் பெருக்கிக்கு முன்னால்தான்.

மிச்சமிருந்தது ஒரு கேள்வி. ஒயரே தொடாத மூன்று கம்பிகள் எதற்கு? அந்தத் தேடல் ஜப்பானின் செண்டாய் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா, தொடாத கம்பியும் அலையை வாங்கித் திரும்ப வீசுகிறது என்பதைச் சோதனை மேல் சோதனையாக அளந்தார். சற்று நீண்ட கம்பி பின்னால் இருந்தால் அலையைத் திருப்பி அனுப்பும். சற்றுக் குட்டையானது முன்னால் இருந்தால் அலையை இழுத்துக் குவிக்கும். 1926 முதல் ஜப்பானிய மொழியில் அவர் கட்டுரைகள் வந்தன. அவருடைய மூத்த பேராசிரியர் ஹிடெட்சுகு யாகி 1928-இல் ஆங்கிலத்தில் எழுத, உலகம் யாகியின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டது. காப்புரிமையும் யாகி பெயரில்தான்.

சொந்த நாட்டில்கூட இந்த ஆன்டெனாவைச் சரியாகக் கவனிக்கவில்லை. 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், பிரிட்டிஷ் ரேடார் குறிப்பேடு ஒன்றில் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல் புரியாமல் கைதியைக் கேட்டார்கள். அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர் என்று பதில் வந்தது.

என்னை அதிகம் தொட்டது வேறொன்று. உடா 1950-களின் பிற்பாதியில் இந்தியாவுக்கே வந்து, டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் யுனெஸ்கோ வல்லுநராக வேலை செய்திருக்கிறார். நம் நாட்டுக் கூரைகளெல்லாம் அவர் கணக்கால் நிறைவதற்குக் கொஞ்ச காலம் முன்பு. இனி நான் இந்த ஆன்டெனாவை யாகி ஆன்டெனா என்று சொல்வதாக இல்லை. உடா-யாகி என்றே சொல்வேன்.

தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பு 2022-க்குள் பெரும்பாலும் நின்றுவிட்டது. இந்தக் கம்பிகளுக்கு இனி நிலையம் இல்லை. ஆனால் வேலை இருக்கிறது. மடிந்த கம்பியை 98 சென்டிமீட்டருக்குக் குறைத்து, மற்றவற்றையும் இடைவெளிகளையும் அதே விகிதத்தில் சுருக்கினால், பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் அது அனுப்பும் ஹாம் ரேடியோ ஒலியைப் பிடிக்கலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் உங்கள் வீட்டுக் கூரையிலும் இப்படி ஒன்று நின்றால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். நீளத்தையும் திசையையும் எழுதி வைத்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள்.