கொச்சிக்கடையில் பாஸ்கு இரவு

கொழும்புத் துறைமுகத்துக்குச் சமீபத்தில், கொட்டாஞ்சேனைப் பக்கம், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் மலையாளக் கரைக் கொச்சி ஞாபகத்துக்கு வருகிறதல்லவா? சம்பந்தம் உண்டு. டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்க மதத்துக்குத் தடை இருந்தபோது, அந்தோனியோ என்ற பாதிரியார் கொச்சி வியாபாரி வேஷத்தில் இங்கே கடை வைத்து, ஜனங்களுக்கு ரகசியமாகப் பூசை செய்து வந்தார் என்பது கர்ண பரம்பரை. அவர் மணலில் சிலுவை நட்டுப் பிரார்த்திக்க, கரையை அரித்து வந்த கடல் பின்வாங்கிற்றாம். இதை நம்புவதும் நம்பாததும் நேயர்கள் இஷ்டம். செவ்வாய்க்கிழமைதோறும் ஹிந்துக்களும் பௌத்தர்களுங்கூட இங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்பது கண்கண்ட விஷயம்.

ஒரு காலத்தில் எழும்பூரில் ரயில் ஏறித் தனுஷ்கோடியில் கப்பல் மாறிக் கொழும்பு சேரலாம். 1964-ஆம் வருஷத்துப் புயலோடு அந்த வழி போயிற்று. நாம் ஆகாய மார்க்கமாகவே சென்றோம். கடலைப் பார்த்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள்!

நாம் போனது புனித சனி இரவு. கோயில் வாசலில் சிப்பாய்கள் பைகளைச் சோதித்தார்கள். காரணம் உலகம் அறிந்ததே. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில், இந்தக் கோயிலிலும், நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்கள் மூன்றிலும் வெடிகுண்டுகள் வெடித்தன. மாண்டவர்கள் 260 பேருக்கு மேல். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள்.

இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூன் 12 அன்று, செப்பனிட்ட கோயிலைத் திறந்துவிட்டார்கள். மறுவருஷம் கர்தினால் மால்கம் ரஞ்சித், குண்டு வைத்தவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் உண்மை வெளிவரவேண்டும் என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மன்னிப்பும் வழக்கும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று நினைப்பவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் கணக்குக் கேட்காதே என்று சொல்ல யாருக்கு உரிமை?

வாசலில் மெழுகுவர்த்தி விற்ற ஒரு கிழவியிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"அன்றைக்கு இந்த மூலையிலேதான் இருந்தேன், ஐயா. அடுத்த வருஷம் கொரோனா வந்து கோயில் பூட்டிக் கிடந்தது. அதற்கும் அடுத்த வருஷம் நடுங்கிக்கொண்டேதான் வந்தேன்."

"இப்போது பயம் போய்விட்டதா, அம்மா?"

"பயம் எங்கே போகும்? அது போகட்டும் என்று காத்திருந்தால் பூசை காண்பது எப்போது?" என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள்.

சடங்கு ஆரம்பமாயிற்று. விளக்குகள் யாவும் அணைந்தன. வெளியே புதுத் தீ மூட்டி, பெரிய பாஸ்கு மெழுகுவர்த்தியில் சிலுவையும் அந்த வருஷத்தின் எண்களும் கீறி, ஐந்து காயங்களுக்கு அடையாளமாக ஐந்து தூபமணிகளைப் பதித்தார்கள். அந்த ஒரு சுடர்தான் இருட்டினுள் நுழைந்தது. அதிலிருந்து ஒருவர், அவரிடமிருந்து பக்கத்தவர் என்று தீ கைமாறிற்று. நம் திரி காற்றில் அணைந்தது. அடுத்து நின்ற சிங்களப் பையன் ஒன்றும் சொல்லாமல் தன் திரியைச் சாய்த்துப் பற்ற வைத்தான். சிறிது நேரத்தில் கோயில் முழுவதும் முகங்கள் தெரிந்தன. தமிழர் யார், சிங்களவர் யார் என்று அந்த வெளிச்சத்தில் சொல்ல முடியவில்லை.

பெரிய வியாழன் முதல் மௌனமாயிருந்த மணிகள், வானவர் கீதம் தொடங்கியதும் ஒரேயடியாக முழங்கின. முன்வரிசையில் ஒரு தாய் திடுக்கிட்டுக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதற்கு மூன்று வயதிருக்கும். மணிச் சத்தத்தைக் கேட்டு அது கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.