அணைக்கிற நேரம்

கம்ப்யூட்டரை அணைக்கும்போதுதான் மனிதனுக்கு எங்கிருந்தோ அவசரம் வந்துவிடுகிறது. திறக்கும்போது அது எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். அணைக்கும்போது அது கேட்கிற அரை நிமிஷம் மட்டும் பொறுப்பதில்லை. சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

அந்த அரை நிமிஷத்தில் என்ன நடக்கிறது? எங்கள் ராயபுரத்துப் பழைய துறைமுகத்துக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். கண்டெய்னர் வருவதற்கு முந்திய காலத்தில், மூட்டை இறங்க இறங்க டாலி குமாஸ்தா துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார். பேரேட்டில் ஏற்றுவது பிறகுதான். நடுவில் சீட்டு கடல்காற்றில் பறந்துவிட்டால், இறங்கிய மூட்டை இறங்காத மூட்டைதான்!

கம்ப்யூட்டரும் இந்தக் குமாஸ்தா மாதிரிதான். 'எழுதியாயிற்று' என்று அது சொல்லும்போது, பல சமயம் மெமரி என்கிற துண்டுச் சீட்டில்தான் எழுதியிருக்கும். மின்சாரம் போனால் அந்தச் சீட்டும் போச்சு. ஹார்ட் டிஸ்க் என்கிற பேரேட்டைச் சொல்லுக்குச் சொல் திறந்துகொண்டிருந்தால் வேலை ஓடாது என்று, ஏற்றுவதைச் சில விநாடிகள் தள்ளிப்போடும். ஹார்ட் டிஸ்குக்குள்ளேயும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு உண்டு.

அணைக்கச் சொன்னதும், ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிற மேஸ்திரி புரோகிராம்களை ஒவ்வொன்றாக மூட்டை கட்டச் சொல்கிறார். மெமரியில் தேங்கியதையெல்லாம் டிஸ்குக்கு அனுப்புகிறார். 'முறையாக மூடப்பட்டது' என்று பேரேட்டில் அடையாளம் வைக்கிறார். கடைசியாக டிஸ்கிடம், 'உன் கைச் சீட்டையும் எழுதி முடித்துவிட்டு ஓய்வெடு' என்கிறார். அதற்குப் பிறகுதான் மின்சாரம் நிற்கலாம். விண்டோஸ் 95 காலத்தில், இனி அணைக்கலாம் என்று திரையில் எழுத்து வந்த பிறகு நாமே ஸ்விட்சைத் தட்ட வேண்டியிருந்தது. பிறகு வந்த இயந்திரங்கள் தாமே அணைந்துகொள்கின்றன.

டிஸ்குக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்கிறீர்களா? அதன் தட்டு நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகிறது. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் மிதக்கிறது. திடீரென்று மின்சாரம் நின்றால், சுற்றிக்கொண்டிருக்கிற தட்டின் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி, முனையை அவசரமாக ஒதுக்கிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனந்தான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதற்குத் தேய்மானம். தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி.க்கும், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எழுதி முடிக்க அவகாசம் வேண்டும்.

1993-இல் வந்த விண்டோஸ் என்.டி.யிலிருந்து ஒரு முன்னெச்சரிக்கை உண்டு. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் அது பேரேட்டைத் தொடும். மின்சாரம் போய் வந்தால் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். இதனால் பேரேட்டின் கட்டு குலையாது. எழுதாத வரிக்கு மட்டும் அது ஜவாப்தாரி அல்ல.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, எங்கள் தெரு மளிகைக்கடையில் மெழுகுவத்தியும் பால் பவுடரும் பற்றில் பறந்தன. கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே இருந்தார். பட்டென்று கரண்டு போயிற்று. சில நாள் கழித்துத் திறந்தபோது, கடைசியாக ஏற்றிய பற்றுகளைக் காணவில்லை. வாங்கியவர்களில் பாதிப்பேர் காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள். படகு கரையில் நின்றால் வருமானம் கிடையாது. ஆனாலும் ஒவ்வொருவராக வந்து, "என் கணக்கிலே இவ்வளவு எழுதிக்கோங்க" என்று தாங்களே சொல்லிவிட்டுப் போனார்கள். அறுபது ரூபாய் மட்டும் கடைசிவரை பொருந்தவில்லை.

கடைக்காரர் பிறகு ஒரு யு.பி.எஸ். வாங்கினார். கரண்டு போன பின் அது தருகிற பத்து நிமிஷத்தை வியாபாரத்தில் செலவழிக்கக்கூடாது, மூடுவதற்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விளக்கு அணைந்ததும், "கொஞ்சம் இருங்கண்ணே" என்று எதிரில் நிற்பவரை நிறுத்திவிட்டு, முதலில் கம்ப்யூட்டரை மூடுகிறார். அவசரக்காரர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் கணக்கும் அதில்தான் இருக்கிறது.