குறிப்பேட்டை மூடிய நாள்

இன்று செப்டம்பர் 23, பன்னாட்டுச் சைகை மொழிகள் நாள். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 1951-இல் இதே தேதியில் தொடங்கப்பட்டதால் ஐக்கிய நாடுகள் அவை இந்நாளைத் தேர்ந்தெடுத்தது. 2018 முதல் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. காலையிலிருந்து வாழ்த்துப் படங்கள் வந்தவண்ணம் உள்ளன. நானும் ஒன்றைப் பகிர்ந்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆயினும், முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கும் எனக்கு, வாழ்த்தைக் காட்டிலும் நான் செய்த ஒரு பிழையை எழுதிவைப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. களப்பணிக்குப் புறப்படவிருக்கும் இளைய நண்பர்களுக்கு அது பயன்படக்கூடும். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

மொழியியல் பயில்வதற்காகத் தமிழகத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து தில்லிக்கு வந்தவன் நான். இந்தியச் சைகை மொழியில் வினா வாக்கியங்களும் எதிர்மறை வாக்கியங்களும் எவ்வாறு அமைகின்றன என்பது என் ஆய்வுப் பொருள். ஆறு மாதம் மொழியைக் கற்பது, அடுத்த ஆறு மாதம் தரவு திரட்டுவது, பின்னர் எழுதத் தொடங்குவது என்பது என் திட்டம். ஆய்வு முன்மொழிவில் இத்திட்டம் மிக அழகாக இருந்தது.

எங்களுக்குக் கற்பித்தவர் காது கேளாதவர். வகுப்பில் குரல் கூடாது என்பது முதல் விதி. முதல் வாரம் எனக்கு இருந்த பெரிய தடை, விரல் நீட்டுவதில் ஏற்பட்ட கூச்சம். சைகை மொழியில் ‘நான்’, ‘நீ’, ‘அவர்’ எல்லாம் சுட்டுதலால் அமைபவை. பெரியவர் முன் விரல் நீட்டிப் பேசாதே என்று கேட்டு வளர்ந்தவனுக்கு ஆசிரியரை நோக்கிச் சுட்டுவிரல் எழவில்லை. பிறகுதான் ஒன்று உறைத்தது. அ, இ, உ ஆகியவற்றை நம் இலக்கணம் சுட்டெழுத்து என்கிறது. அந்த விரலையும் நாம் சுட்டுவிரல் என்றே அழைக்கிறோம். பள்ளியில் மனப்பாடம் செய்த கலைச்சொல்லுக்குள் ஒரு கை நீண்டிருந்ததை நான் தில்லியில்தான் கண்டேன்.

இரண்டாவது தடை என் குறிப்பேடு. மொழியியல் மாணவனுக்குக் கேட்பதை உடனே எழுதிக்கொள்வது அனிச்சைச் செயல். ஆனால் சைகையில் பேசுபவர் முன் தலைகுனிந்து எழுதுவது, ஒருவர் பேசும்போது காதைப் பொத்திக்கொள்வதற்கு ஒப்பானது. நான் குனிந்த ஒவ்வொரு முறையும் ஆசிரியர் கைகளை இறக்கிக் காத்திருந்தார். மூன்றாம் வகுப்பில் அருகே வந்து குறிப்பேட்டை மூடினார். தம் கண்களைச் சுட்டி, பின் என் கண்களைச் சுட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கற்கக் கற்க, நூல்களில் படித்தவை என் கைகளில் நிகழத் தொடங்கின. 1960-இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து, ஒவ்வொரு சைகையும் கைவடிவம், இடம், அசைவு என்னும் கூறுகளால் ஆனது என்று காட்டினார். உள்ளங்கை நோக்கும் திசையையும் பின்னர் வந்தோர் சேர்த்தனர். பேச்சுமொழியின் ஒலியன்கள் செய்யும் வேலையை இக்கூறுகள் செய்கின்றன. ஒன்று பிசகினால் வேறு சொல்லாகிவிடும், அல்லது சொல்லே ஆகாது. லகர ளகரப் பிழைக்காகச் சிறுவயதில் வாங்கிய திருத்தங்களை, முப்பதை நெருங்கும் வயதில் கட்டைவிரலுக்காக வாங்கினேன்.

வினாக்கள் என்னை மிகவும் கவர்ந்தன. ‘நீ போனாய்’, ‘நீ போனாயா’ என்னும் இரண்டுக்கும் கைகள் ஒன்றையே செய்யலாம். கண்கள் விரிந்து தலை சற்று முன்சாயும்போது அது வினாவாகிறது. நம் மொழியில் ஆகாரம் ஏற்கும் பணியை அங்கே முகம் ஏற்கிறது. ‘யார்’, ‘எங்கே’ போன்ற வினாக்களுக்கோ பொதுவான வினாச் சைகை ஒன்று உண்டு. அதற்கு முன் ‘இடம்’ வந்தால் ‘எங்கே’, ‘நேரம்’ வந்தால் ‘எப்போது’, ‘முகம்’ வந்தால் ‘யார்’. எவ்விடம், எப்பொழுது என்று நாம் எகரத்தை முன்னே வைப்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே அதே வேலையைச் செய்யும் சைகை பின்னே நிற்கிறது. அதுமட்டுமன்று, வினாச் சைகை வாக்கியத்தின் இறுதியில் வரும், எதிர்மறையும் அவ்வாறே. உல்ரிக்கே சேஷன் 2000-இல் வெளியிட்ட நூலில் இவற்றை விரிவாக விளக்கியிருக்கிறார். கராச்சியிலும் தில்லியிலும் தரவு திரட்டிய அவர், எல்லையின் இருபுறமும் வழங்குவது அடிப்படையில் ஒரே மொழி என்று கருதி, அதனை இந்தோ-பாகிஸ்தானி சைகை மொழி என்றே அழைத்தார்.

இவ்வளவும் படித்தபின்தான் நான் தரவு திரட்டச் சென்றேன். காது கேளாத நண்பர்கள் எட்டுப் பேர் ஒப்புக்கொண்டார்கள். எளிய இந்தி வாக்கியங்களை அட்டைகளில் எழுதி ஒவ்வொன்றாகக் காட்டுவேன், அவர்கள் அதைச் சைகையில் கூறுவார்கள், நான் படம்பிடிப்பேன். ஆளுக்கு 30 வீதம் 240 வாக்கியங்கள். பகுத்துப் பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. பெரும்பாலான வாக்கியங்களில் வினாச் சைகை இறுதியில் இல்லை. இந்தியில் வினாச்சொல் நிற்கும் அதே இடத்தில் நின்றது. சேஷனின் முடிவுக்கு மாறான தரவு! மொழித் தொடர்பால் இருபது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது என்று ஒரு விளக்கம் எழுதினேன். துறைக் கருத்தரங்கில் வாசித்தபோது நல்ல வரவேற்பு. ஒரு பேராசிரியர் இதை உடனே ஆய்விதழுக்கு அனுப்பச் சொன்னார்.

அந்தக் கருத்தரங்குக்கு என் சைகை மொழி ஆசிரியரையும் அழைத்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் ஒருவருடன் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். திரையில் முதல் காணொளி ஓடியபோதே அவர் முகம் மாறியதைக் கண்டேன். அங்கே அவர் எதுவும் கூறவில்லை. பின்னர், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இது யாருடைய மொழி?”

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். “நீ தாளில் இந்தியைக் கொடுத்தாய். அவர்கள் இந்தியைக் கையால் திருப்பிக் கொடுத்தார்கள். பள்ளியில் காது கேட்கும் ஒருவர் எழுத்தைக் காட்டினால், அதை வரிசை மாறாமல் சொல்வதுதான் சரியான விடை. தவறினால் அடி. அந்த அட்டையைப் பார்த்ததும் எல்லாரும் வகுப்பறைக்குப் போய்விட்டார்கள்.”

1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சு வழியே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்ததையும், அதன் நிழல் நம் நாட்டுப் பள்ளிகள்மீதும் நெடுங்காலம் படிந்திருந்ததையும் தேர்வில் பத்து மதிப்பெண் விடையாக எழுதியவன் நான். காது கேளாத குழந்தைகளின் பெற்றோர் பெரும்பாலும் கேட்கும் திறன் உடையவர்கள். ஆகவே இம்மொழி தாயிடமிருந்து சேய்க்குச் செல்வது அரிது. விடுதிகளிலும் விளையாட்டுத் திடல்களிலும் மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்கு, பல வேளைகளில் ஆசிரியரின் கண்ணுக்கு மறைவாகச் சென்றிருக்கிறது. இதையும் நான் அறிவேன். அறிந்துகொண்டே அட்டையை நீட்டியிருக்கிறேன்.

அன்றிரவு காணொளிகளை மீண்டும் பார்த்தேன். பகுப்பாய்வுக்கு ஈலான் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம்; வாக்கியம் தொடங்கும் புள்ளியையும் முடியும் புள்ளியையும் குறித்து, இடைப்பட்ட பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். இப்போது முடிந்த புள்ளிக்குப் பின்னரும் ஓடவிட்டேன். ஒரு பெண், வாக்கியத்தை முடித்தவுடன் என்னைப் பார்த்து ஒரு சைகை செய்கிறார்: “சரியா?” நான் தலையசைக்கிறேன். அடுத்த வாக்கியம். மீண்டும் “சரியா?” மீண்டும் தலையசைக்கிறேன். அவருடைய 30 வாக்கியங்களிலும் அது இருந்தது. அவர் பிறந்ததுமுதல் எனக்கு இருந்ததைவிடக் கூடுதலாக அம்மொழியோடு வாழ்ந்தவர். ஓராண்டு கற்ற என்னிடம் தம் மொழி சரியா என்று கேட்டிருக்கிறார். தரவுக்குத் தொடர்பற்றது என்று நான் வெட்டி எறிந்த அந்த இரண்டு நொடிகளில்தான் என் ஆய்வின் உண்மையான முடிவு இருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். உதவித்தொகைக் காலத்தில் ஓராண்டு போயிற்று. வருத்தம் இல்லை என்று கூறினால் பொய். வாடகை கொடுக்கும் தேதியில் அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இரண்டாம் முறை அட்டைகள் இல்லை. காது கேளாத இருவர் எதிரெதிரே அமர்வர். படக்கருவியை இயக்குபவரும் காது கேளாதவர். நான் அறைக்கு வெளியே. மெர்சர் மேயர் 1969-இல் வெளியிட்ட, சொற்களே இல்லாத தவளைக் கதைப் படநூலை ஒருவர் பார்த்து மற்றவருக்குக் கூற வேண்டும். கேட்பவர் வினாக்கள் எழுப்பலாம். வந்த மொழி வேறாக இருந்தது. வினாச் சைகை இறுதிக்குத் திரும்பியது. சிறுவனை வலப்புறமும் நாயை இடப்புறமும் வெளியில் நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அவ்விடத்தைச் சுட்டினாலே போதுமானதாக இருந்தது. புருவம், தோள், பார்வை எல்லாம் இலக்கணமாயின. ஒரு நிமிடக் காணொளியைப் பகுக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் தேவைப்படுகிறது.

இன்னொரு பாடமும் உண்டு. ஒப்புதல் படிவத்தில் “உங்கள் அடையாளம் வெளிப்படாது” என்று ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கையொப்பம் வாங்கியிருந்தேன். பேச்சுமொழி ஆய்வில் அது இயலும். எழுத்தாக்கினால் குரல் மறைந்துவிடும். சைகை மொழியில் முகத்தை மறைத்தால் இலக்கணமே மறைந்துவிடும். நிறைவேற்ற முடியாத வாக்குறுதியை, அவர்களுக்கு வசப்படாத மொழியில் கொடுத்திருக்கிறேன். இப்போது படிவம் சைகை மொழியிலேயே காணொளியாக உள்ளது. முகம் தெரியும் என்பது அதில் முதலில் கூறப்படுகிறது. இருவர் விலகிக்கொண்டார்கள். அது அவர்களது உரிமை.

2011 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் கேட்கும் திறன் குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கும் மேல். 2015-இல் தில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் அமைந்தது. அதன் அகராதி 2018-இல் 3,000 சொற்களுடன் வெளிவந்து, 2021-இல் 10,000 ஆக வளர்ந்தது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் இம்மொழிக்கு இன்னும் இடமில்லை. இந்நிலையில் நம் ஆய்வேடுகள் எழுதிவைப்பதே இம்மொழியைப் பற்றிய சான்றாகிறது. நான் அந்தக் கட்டுரையை அனுப்பியிருந்தால், ‘இதற்கென்று தனி இலக்கணம் ஏது, இந்தியைக் கையால் சொல்வதுதானே’ என்போருக்கு மேற்கோள் காட்ட ஓர் ஆவணம் கிடைத்திருக்கும். அதை நினைக்கையில் இப்போதும் உள்ளூர நடுக்கம் உண்டு.

ஆகவே இளைய நண்பர்களுக்குச் சில சொற்கள். காது கேளாத ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். தூண்டுகோலாக எழுத்தைக் கொடுக்காதீர்கள். வாக்கியம் முடிந்த பின்னும் காணொளியை ஓடவிடுங்கள். உங்கள் தரவைப் புரிந்துகொள்ளக்கூடியவரைக் கருத்தரங்குக்கு அழையுங்கள்; அவருக்கான மொழிபெயர்ப்பாளரின் ஊதியத்தையும் ஆய்வுச் செலவில் முன்னதாகவே சேர்த்துவிடுங்கள்.

புதிய இயலின் வரைவைச் சென்ற மாதம் ஆசிரியரிடம் சைகையில் விளக்கி, கருத்துக் கேட்டிருந்தேன். நேற்று நாற்பது நிமிடக் காணொளியாகத் திருத்தங்கள் வந்திருக்கின்றன. பதினொன்றாம் நிமிடம் வரை பார்த்திருக்கிறேன். இதுவரை ஆறு பிழைகள். மீதியைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.