விட்டுவிட்டேன் என்று சொன்ன மீன்கள்

பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடுபவன், கொல்லாதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் கிழக்கு எல்லையில், ஸ்மோக்கி மலை ஓடைகளில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைத் தூண்டிலில் பிடிப்பவர்கள் நடுவே அந்தப் பெயரோடு பல ஆண்டுகள் நடமாடியிருக்கிறேன். அதற்கு நான் உரியவன் இல்லை. அது தெரிந்த பிறகும் மறுத்துப் பேசாமல் இருந்தேன்.

செய்தது இதுதான். படம் எடுப்பதற்காக மீன்களைத் தண்ணீருக்கு வெளியே நெடுநேரம் பிடித்துவைத்திருந்தேன். அறியாமல் செய்யவில்லை. அப்படிப் பிடித்துவைத்தால் மீனுக்கு என்ன ஆகும் என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். "மீனை வெளியே எடுக்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எப்போது மூச்சு முட்டுகிறதோ, அதற்கு வெகு முன்பே மீனுக்கு முட்டிவிட்டிருக்கும்" என்று ஓடைக்கரையில் நின்று பாடம் நடத்தியிருக்கிறேன். நான் மூச்சைப் பிடித்ததில்லை.

அந்த மலைகளில் வசந்தம் வரும் விதத்தைச் சொன்னால்தான் என் ஆசையின் வேகம் புரியும். குளிர்காலத்தில் ஓடைத் தண்ணீர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சுற்றியே கிடக்கும். மீன்கள் பாறையடியில் ஒதுங்கிவிடும். எதிரில் இரை மிதந்து வந்தாலும் வாலை அசைக்க யோசிக்கும். மார்ச் மாதத்தில், சில ஆண்டுகளில் பிப்ரவரிக் கடைசியிலேயே, தொடர்ந்து சில நாள் வெயில் விழுந்து தண்ணீர் 50 டிகிரியை எட்டப்போகும்போது குவில் கார்டன் எழும். மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சி வகையில் சாம்பல் இறக்கையுள்ள ஒன்று அது. பெரும்பாலான மேஃப்ளைகள் நீர்மட்டத்துக்கு வந்துதான் தோலுரிக்கும். இது ஆற்றின் அடியிலேயே தோலுரித்து, இறக்கையோடு மேலே நீந்தி வரும். அதனால் மீன்கள் முதலில் நீருக்குள்ளேயே அதை மடக்குகின்றன. தண்ணீருக்குள் பக்கவாட்டில் ஒரு மின்னல் தெரியும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, பிற்பகல் வெயிலில், மூக்குகள் மேலே வரத் தொடங்கும். கேட்ஸ்கில் மலையில் வாழ்ந்து 1915இல் இறந்த தியடோர் கார்டன் தூண்டிலுக்கென்று கட்டிய செயற்கைப் பூச்சியின் பெயரே இந்தப் பூச்சிக்கும் நிலைத்துவிட்டது. இதையடுத்து ப்ளூ குவில், மார்ச் ப்ரௌன், பிறகு ஏப்ரல் மே மாதங்களில் இளமஞ்சள் ஸ்டோன்ஃப்ளைகள் என்று பூச்சிகளின் வரிசை நீளும்.

ஸ்மோக்கி ஓடைகளில் பெரும்பாலானவை மணற்பாறை மேல் ஓடுபவை. தண்ணீரில் சத்து குறைவு, பூச்சியும் குறைவு. மீன் சிறுத்தே இருக்கும், பசியோடும் இருக்கும். ஏழரை அடிக் கோலோடு நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி ரோடோடென்ட்ரான் புதர் கூரை வேய்ந்திருக்கும். தலைக்கு மேல் வீச வழியில்லை. ஒரு கையில் பூச்சியைப் பிடித்து இழுத்து, கோலை வில்லாக வளைத்து, பாறைக்குப் பின்னால் தண்ணீர் சற்றே அமரும் ஒரு சாண் இடத்தில் அதை விட வேண்டும். அது விழுந்த நொடியில் தண்ணீர் வெடிக்கும். குளிர்காலம் முழுக்க மேசையில் உட்கார்ந்து இறகும் நூலுமாகக் கட்டிய ஒன்றை, உயிருள்ள ஒரு பிராணி நிஜமென்று நம்பி எடுக்கிறது. இதைவிடப் பெரிய மகிழ்ச்சி எனக்கு அதிகம் வாய்த்ததில்லை, அதை இன்றும் மறுக்க மாட்டேன். அந்த மகிழ்ச்சியைப் பிறர் பார்க்க வேண்டும் என்று நினைத்ததில்தான் நான் கெட்டேன்.

கைபேசியில் கேமரா நன்றாக வந்த பிறகு அது நோயாகிவிட்டது. மீன் வலைக்குள் வரும்வரை நான் மீனவன். வந்த பிறகு படம் பிடிப்பவன். வெயில் எந்தப் பக்கம், புள்ளிகள் தெரிகின்றனவா, பின்னால் ஓடை தெரிகிறதா. மீன் கையில் துள்ளி நழுவினால் கூழாங்கல் மேல் விழும். மறுபடி எடுப்பேன். உலர்ந்த கையால் பிடித்தால் அதன் மேலுள்ள வழவழப்புப் பூச்சு உரியும், அங்கே பூஞ்சை பற்றும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஈரக்கையால் கைபேசியைத் தொட்டால் திரை வேலை செய்யாது. அதனால் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வேன்.

கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் 1992இல் வெளியிட்ட ஆய்வை நான் பாடத்தில் எப்போதும் சொல்வேன். ரெயின்போ ட்ரவுட்களைக் களைத்துப்போகும்வரை விரட்டினார்கள். அப்படியே தண்ணீரில் விட்டவற்றில் 12 மணி நேரத்துக்குப் பிறகு 88 சதவீதம் உயிரோடிருந்தன. விரட்டிய பின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 62 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 28 சதவீதம்தான். செவுளின் மெல்லிய இதழ்களைத் தண்ணீர்தான் விரித்துப் பிடித்திருக்கிறது. வெளியே எடுத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சரிந்துவிடும். ஓடி இளைத்து மூச்சுக்கு அலையும் நேரத்தில்தான் நாம் அதை வெளியே தூக்குகிறோம். இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். அந்த மீன்கள் விட்டவுடனே சாகவில்லை. நாம் வீடு போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு, படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் செத்தன.

இதைச் சொல்லிவிட்டு எனக்கு மட்டும் விலக்குகள் வைத்திருந்தேன். அது ஆய்வகம், இது ஓடை. என் மீன் சிறியது, அரை நிமிடத்தில் கைக்கு வந்துவிடுகிறது, களைக்க நேரமில்லை. ஏப்ரல் தண்ணீர் குளிர்ச்சி, 68 டிகிரியைத் தாண்டிய ஜூலைத் தண்ணீர் இல்லை, மீன் தேறிவிடும். இவை எல்லாவற்றிலும் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதி எனக்குப் போதுமானதாக இருந்தது.

ட்ரெமான்ட் பக்கம் மிடில் ப்ராங் ஓடையில் ஓர் உள்ளூர்க் கிழவரைப் பார்ப்பேன். காலில் பழைய கான்வாஸ் காலணிதான், நீர் புகாத கால்சட்டை எதுவும் கிடையாது. அந்த ஓடைகள் இருக்கும் தேசியப் பூங்காவின் விதிப்படி ஒருவர் ஒரு நாளில் ஐந்து ட்ரவுட் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் குறைந்தது 7 அங்குலம் இருக்க வேண்டும். ஒற்றைக் கொக்கி, செயற்கை இரை மட்டும். அவர் அதை மீறி நான் பார்த்ததில்லை. பிடித்த மீனின் தலையில் கத்திப் பிடியால் ஒரே தட்டு. ஈரப் பாசியில் சுற்றிப் பைக்குள் வைப்பார். ஐந்தானதும் கோலைப் பிரித்துக் கட்டிவிட்டு நடையைக் கட்டுவார். அநேகமாக எல்லாம் ரெயின்போ. அது அந்த மலைக்கு வெளியிலிருந்து வந்த மீன், போன நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டது.

அவரை நான் இழிவாக நினைத்தேன். வணக்கம் சொன்னால் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடந்துபோவேன். நண்பர்களிடம் "சட்டிக்காக வருபவர்" என்று சொல்லியிருக்கிறேன். சைவ வீட்டில் பிறந்தவன் என்ற பெருமை அதில் கலந்திருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. அவர் ஐந்து உயிரை எடுத்தார், எண்ணி எடுத்தார், உடனே முடித்தார், வீட்டில் சோளமாவில் பிரட்டிப் பொரித்துத் தின்றார். நல்ல குவில் கார்டன் நாளில் நான் அவரைவிடப் பல மடங்கு மீன் பிடிப்பேன், ஒவ்வொன்றையும் காற்றில் தூக்கிப் பிடிப்பேன். அவற்றில் எத்தனை அன்றிரவு செத்தன என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே எனக்கு வசதியாக இருந்தது.

இனிச் சொல்லப்போவது ஒரே ஒரு மீனைப் பற்றியது.

அந்த மலையின் சொந்த ட்ரவுட் ஒன்றுதான், ப்ரூக் ட்ரவுட். உள்ளூரார் ஸ்பெக் என்பார்கள். மரக் கம்பெனிகள் மலையை மொட்டையடித்தபோது ஓடைகள் மண்ணால் நிறைந்து, நிழல் போய், தண்ணீர் சூடேறி அது உச்சிகளுக்கு ஒதுங்கியது. அந்த இடத்தில் விட்ட ரெயின்போ அதை மேலும் மேலே தள்ளியது. அது வாழ்ந்த நீர்ப்பரப்பில் முக்கால் பங்கு இப்படிப் போயிற்று. 1934இல் பூங்கா வந்தது. ஸ்பெக் பிடிக்க 1970களின் நடுவிலிருந்து தடை இருந்தது. தூண்டில்காரர்களால் அதன் தொகை குறையவில்லை என்று ஆய்ந்து பார்த்த பிறகு 2006இல் திறந்துவிட்டார்கள். லின் கேம்ப் ப்ராங் ஓடையில் சுமார் 8 மைல் நீளத்துக்கு ரெயின்போவை நீக்கி, ஸ்பெக்கைத் திரும்பக் குடியேற்றி, 2015இல் தூண்டிலுக்கு அனுமதித்தார்கள். இத்தனை பேருடைய உழைப்பில் மீண்ட மீன் அது. அங்கே 9 அங்குல ஸ்பெக் என்றால் கிழவி என்றே சொல்லலாம். பெரும்பாலானவை மூன்று நான்கு வயதைத் தாண்டுவதில்லை.

அப்படி ஒன்றை ஓர் ஏப்ரல் பிற்பகலில், பெயரை எழுத விரும்பாத ஓர் உச்சி ஓடையில் பிடித்தேன். முதுகில் புழு ஊர்ந்த தடம்போல வெளிர்க்கோடுகள், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, அடித்துடுப்புகளின் ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளை. கூட வந்திருந்தது ஒரு தமிழ்த் தம்பி, தூண்டிலுக்குப் புதியவர். நான்தான் அழைத்துப் போயிருந்தேன்.

"அண்ணே, கொஞ்சம் மேல தூக்குங்க. கண்ணு மேல வெயில் படல."

தூக்கினேன்.

"இன்னும் ஒண்ணு. இது ஆடிருச்சு."

அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதன் வாய் திறந்து திறந்து மூடுவது விரலில் உறைத்தது. "போதும் தம்பி" என்று சொல்ல எனக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. நான் சொல்லவில்லை. நல்ல படம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

தண்ணீரில் வைத்தபோது செவுள் இரண்டு முறை அசைந்தது. பிறகு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. தம்பி குனிந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அதை நுரை ஓடும் இடத்துக்கு உள்ளங்கையால் தள்ளிவிட்டேன். நிமிர்ந்து கேட்டார். "போயிடுச்சு" என்றேன்.

அவர் அடுத்த மடுவுக்குப் பூச்சி கட்டிக்கொண்டிருக்கும்போது நான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெள்ளை வயிறு மேலே தெரிய ஒரு பாறைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில் அவர் கண்ணில் பட்டுவிடும் என்ற ஒரே எண்ணம்தான் அப்போது எனக்கு. எடுத்து, கரையில் ரோடோடென்ட்ரான் வேருக்கு அடியில் செருகிவிட்டேன். செத்த மீனுக்காக அந்த இடத்தில் நான் வருந்தவில்லை. வருத்தம் மிகப் பின்னால் வந்தது. அன்றைக்கு இருந்தது பிடிபட்டுவிடுவோம் என்ற பயம் மட்டுமே.

அன்றிரவே அந்தப் படத்தை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கீழே "பத்திரமாகத் திரும்ப விடப்பட்டது" என்று எழுதினேன். யாரும் கேட்காத பொய் அது, நானாகச் சேர்த்தது. பாராட்டுகள் வந்தன. எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னேன்.

அம்மாவுக்கும் அனுப்பினேன். நான் தூண்டில் பிடிக்கத் தொடங்கிய காலத்தில் அவர் பல நாள் சரியாகப் பேசவில்லை. "வாயில முள்ளு குத்தினா அதுக்கு வலிக்காதாடா?" என்று கேட்டார். கொல்ல மாட்டேன், பிடித்ததும் விட்டுவிடுவேன் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அந்தச் சமாதானத்தை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "புடிப்பான், ஆனா உசிரோட விட்டுடுவான்" என்று சொல்லுவார். ஸ்பெக்கின் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் அழைத்தார்.

"என்ன அழகுடா இது. அம்மன் கோயில் தேர்ச்சீலை மாதிரி. விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்மா."

அதன் பிறகும் நான் உடனே திருந்திவிடவில்லை. அடுத்த வசந்தத்திலும் படம் எடுத்தேன். கொஞ்சம் வேகமாக எடுத்தேன், அவ்வளவுதான். பாடம் நடத்துவதைத்தான் முதலில் நிறுத்தினேன். அந்த 28 சதவீதத்தைச் சொல்லும் இடத்தில் குரல் ஒத்துழைக்கவில்லை. கைபேசியைக் காரிலேயே வைத்துவிட்டுப் போக அதற்கும் பின்னால்தான் மனம் வந்தது.

தூண்டிலை விடவில்லை. இப்போது எதிர்முள் இல்லாத கொக்கி, ரப்பர் வலை, ஒரு சிறு இடுக்கி. மீன் தண்ணீரைவிட்டு வெளியே வராமலேயே கொக்கியைத் திருப்பி எடுத்துவிடலாம், பழகினால் சில விநாடி வேலை. ஒரு நாளில் கொஞ்சம் மீன் பிடித்ததும் போதும் என்று பாறைமேல் உட்கார்ந்துவிடுகிறேன். இத்தனைக்குப் பிறகும் நான் விடுபவற்றில் சில சாகத்தான் செய்யும். யாராவது கேட்டால் அதைச் சொல்லிவிடுகிறேன். கொல்லாதவன் என்று அறிமுகப்படுத்தினால் அங்கேயே திருத்துகிறேன். கிழவரைச் சில வருடங்களாக அந்தப் பக்கம் காணவில்லை. அவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போனதற்கு இனி நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

தம்பியிடம் போன மாதம் சொன்னேன். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார். தன்னால்தான் மீன் செத்தது என்று அவர் வருந்தத் தொடங்கினார். அவர் இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் "போதும்" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான் என்று அவருக்குப் புரியவைக்க வெகுநேரம் ஆயிற்று. இப்போதும் முழுதாக ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. நான் எழுதுவதைத் தங்கைதான் வாசித்துக் காட்டுவாள். இதில் ஒரு வரியையும் தாண்டிப் போகாமல் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.