மரம், மரத்தில்

1 நவம்பர் 2021, திங்கள்

2020 மார்ச்சில் மூடிய பள்ளி இன்று எங்கள் பிள்ளைகளுக்குத் திறந்தது. என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கடைசியாக வகுப்பறையில் உட்கார்ந்தது இரண்டாம் வகுப்பில். ஆள் வளர்ந்துவிட்டார்கள். படிப்பு அங்கேயே நிற்கிறது.

கரும்பலகையில் ‘பூனையை நாய் துரத்தியது’ என்று எழுதி வாசிக்கச் சொன்னேன். ‘பூனை... நாய்... துரத்து’ என்றார்கள். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்துவிடுகிறார்கள். சொல்லின் கடைசி யார் கண்ணிலும் படவில்லை. யார் ஓடினது, யார் துரத்தினது என்று கேட்டேன். பதில் இல்லை. அந்த ‘ஐ’ ஒன்றுதான் அதைச் சொல்லும். தமிழில் சொல்லின் கடைசியை விட்டுவிட்டால் வாக்கியமே கையை விட்டுப் போய்விடுகிறது. பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்த நோட்டு.

3 நவம்பர்

நாளை தீபாவளி. பாதிப் பேர் வரவில்லை.

16 நவம்பர்

புதுச் சேர்க்கை. அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர், அம்மாவுக்குக் கைமடி வேலை. பீகார்க்காரர்கள். பையன் ஒன்றாம் வகுப்பை ஊரில் இந்தியில் படித்திருக்கிறான். தமிழ் லைன் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்றது.

சிலேட்டில் ‘மரம்இல்’, ‘வீடுஇல்’ என்று எழுதினான். பக்கத்துப் பெண் சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கோ ஆச்சரியம். மொத்த வகுப்பிலும் ‘இல்’லைத் தனியாகக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான்.

சிரித்தவளை அழைத்து, ‘மரத்தில்’ என்பதைப் பிரிக்கச் சொன்னேன்.

“மரத்து, இல்.”

“மரத்துன்னா என்ன கண்ணு?”

“மரந்தான் மிஸ்.”

“அப்புறம் ஏன் மரம்இல்னு சொல்றதில்லை?”

“அப்படியெல்லாம் சொல்ல மாட்டோம் மிஸ்.”

இதைவிடச் சரியான பதிலை என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பதில் அவனுக்கு எந்த விதத்திலும் உதவாது.

30 நவம்பர்

நன்னூலில் பவணந்தி பதினேழு பொதுச் சாரியைகளைப் பட்டியலிடுகிறார். சொல்லுக்கும் உருபுக்கும் நடுவே வருவது சாரியை; அத்து அதில் ஒன்று. மரம் + அத்து + இல். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சாரியை என்ற பெயர் இப்போது வேண்டாம், வேலை தெரிந்தால் போதும்.

அட்டைகளில் சொற்களை எழுதிக் குவியலாகப் போட்டேன். மரம், குளம், பணம், படம் ஒரு பக்கம். வீடு, காடு, ஆறு, சோறு இன்னொரு பக்கம். ஊர், பால், தேர் தனியாக. ஒவ்வொன்றோடும் ‘இல்’ சேர்த்து வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். குளத்தில், காட்டில், ஆற்றில், ஊரில். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “ம் போச்சு, த்து வந்துச்சு மிஸ்!” அதுதான் விதி. ஆட்களின் பெயர் சிலவற்றிலும் அது வரும்: செல்வத்தை, சண்முகத்துக்கு. பிறந்ததிலிருந்து பேசுவதை இன்றைக்குத்தான் தாங்களே காதால் கேட்டார்கள்.

9 டிசம்பர்

ஆங்கிலப் பாடவேளை. ஹாப்பி, அன்ஹாப்பி. ரைட், ரீரைட். முன்னொட்டு பிடித்துப்போய் எல்லாவற்றுக்கும் ‘அன்’ போட்டார்கள்: அன்டால், அன்பிக். வரும் சொல் எது, வராத சொல் எது என்று பிரித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள்: “தமிழ்ல முன்னாடி ஒட்டாதா மிஸ்?”

அநியாயம், அசுத்தம் எல்லாம் வடமொழி வழி வந்தவை. நம்முடையது எது? அங்கே, இங்கே, எங்கே என்று எழுதினேன். அவன், இவன், எவன். தூரத்துக்கு அ, பக்கத்துக்கு இ, கேள்விக்கு எ. தலையை மாற்றினால் போதும், உடல் அப்படியே இருக்கிறது.

அதுவரை வாயே திறக்காத பீகார்ப் பையன் எழுந்து நின்றான். காலடியைக் காட்டி “யஹாம்”, ஜன்னலைக் காட்டி “வஹாம்”, இரண்டு கையையும் விரித்து “கஹாம்” என்றான். சின்ன வயதில் இந்தி பிரச்சார சபையில் பிராத்மிக் எழுதியவள் நான். எனக்கு ஒருநாளும் இது தோன்றியதில்லை. வகுப்பே ‘யஹாம், வஹாம், கஹாம்’ என்று கத்தியது. இன்று நல்ல நாள்.

22 டிசம்பர்

‘மரம்இல்’ போகவில்லை. மற்றவர்களும் முந்தின வாரத்தை மறந்துவிட்டார்கள். சோர்வு.

11 ஜனவரி 2022

தொற்று ஏறியதால் மறுபடியும் மூடல்.

2 பிப்ரவரி

நேற்றுத் திறந்தார்கள். இன்று அவனைத் தனியாக உட்காரவைத்து, ‘அறையில்’ என்பதை இந்தியில் சொல்லச் சொன்னேன்.

“கம்ரே மேம்.”

“அறைக்கு கம்ராதானே?”

யோசித்தான். “மேம் வந்தா கம்ரே ஆயிரும் மிஸ்.”

சிலேட்டை இழுத்து ‘மரத்தில்’ என்று எழுதினான். நான் எதுவும் சொல்லவில்லை.

மதியத்துக்குள் எல்லாச் சொல்லுக்கும் ‘த்து’ வந்துவிட்டது. ஊரத்தில். பாலத்தில் சர்க்கரை. பால் வேறு, பாலம் வேறு என்று படம் வரைந்து காட்டினேன். பார்த்துக்கொண்டான். ஊரத்தில் மட்டும் அப்படியே இருக்கிறது.

18 பிப்ரவரி

நாளை உள்ளாட்சித் தேர்தல். வாக்குச்சாவடிப் பணி.

15 மார்ச்

ஹோலிக்கு ஊருக்குப் போகிறார்கள். அம்மா வந்து, “பதினஞ்சு நாள்ல வந்துருவோம் டீச்சர்” என்றார். அட்டைக் கட்டை அவனிடமே கொடுத்தனுப்பினேன். எனக்கு வேறு எழுதிக்கொள்கிறேன்.

11 ஏப்ரல்

வரவில்லை. அவன் அப்பாவின் எண் அணைந்தே இருக்கிறது. லைன் வீட்டில் வேறு குடும்பம் வந்துவிட்டது என்கிறார்கள்.

அன்று சிரித்த பெண் இன்று நோட்டோடு வந்தாள். “மழையில்னு எழுதினா நடுவுல ய் வருதே மிஸ், அது மழையோடதா, இல்லோடதா?” இரண்டுக்கும் சொந்தமில்லை என்றேன். திருப்தியில்லாமல் போனாள். நாளை உடம்படுமெய்க்குத் தனியாக ஒரு கட்டு அட்டை எழுத வேண்டும்.

25 ஏப்ரல்

இன்னும் இல்லை. வேறு ஊரில், வேறு பள்ளியில் அவன் வந்து சேர்ந்தால், அந்த ஆசிரியருக்கு: ‘ஊரத்தில்’ என்று எழுதுவான். சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம். ‘ம்’மில் முடியும் சொற்கள் அவனுக்கு வந்துவிட்டன. வீடு, காடு பாதி தெரியும். ஊர், பால், தேர் பாக்கி. அங்கிருந்து தொடங்குங்கள்.