ரெண்டு வருஷப் படிப்பு புகுந்த ஊருக்கும் வருமா?

கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்போது நகை, மண்டபம், சாப்பாடு என்று எல்லாவற்றையும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பொண்ணு பாதியில் விட்டுவிட்டு வரும் டிகிரியைப் பற்றிய பேச்சு மட்டும், "அங்க போய்ப் படிச்சுக்கிடலாம்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். எங்கள் சித்தி மகளுக்கும் அப்படித்தான் முடிந்தது.

கோயம்புத்தூரில் பி.எஸ்சி. கணிதம் இரண்டு வருடம் முடித்திருந்தாள். வாழ்க்கைப்பட்டது கல்லிடைக்குறிச்சியில். குழந்தை பிறந்து கொஞ்சம் வளர்ந்ததும், மீதி ஒரு வருடத்தைப் பாளையங்கோட்டையில் படிக்கக் கிளம்பினாள். "ஒரு வருஷம்தானே, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்று அவள் அத்தை சொல்லிவிட்டார். அந்த வீட்டில் கிடைத்த அனுமதி அந்த ஒரு வருடத்துக்குத்தான்.

முதலில் போன கல்லூரியில் ஆபீஸ் ஜன்னலிலேயே பதில் வந்துவிட்டது: "முதல் வருஷத்துல இருந்து சேருங்கம்மா."

அன்று ராத்திரி எனக்கு போன் செய்தாள். "எக்கா, நாலு செமஸ்டரும் பாஸ். 92 கிரெடிட் இருக்கு. அதெல்லாம் சும்மாவாக்கா?"

டிஜிட்டல் டெஸ்க்கில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து விதிமுறைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

தியரி பாடத்தில் ஒரு கிரெடிட் என்றால் ஒரு செமஸ்டரில் சுமார் 15 மணி நேர வகுப்பு. 4 கிரெடிட் பேப்பர் என்றால் 60 மணி நேரம். எவ்வளவு நேரம் படித்தோம் என்பதை அது சொல்லும்; என்ன படித்தோம் என்பதைச் சொல்லாது. சிக்கலே அங்கேதான். கோவைக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பாளையங்கோட்டைக் கல்லூரிகள் 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தன்னாட்சிக் கல்லூரி என்றால் சிலபஸையும் அதுவே வகுத்துக்கொள்ளும். அங்கே மூன்றாவது செமஸ்டரில் வரும் பாடம் இங்கே ஐந்தாவதில் வரலாம், வராமலே போகலாம்.

அப்படியானால் 'கிரெடிட் பேங்க்' எதற்கு? யு.ஜி.சி. 2021 ஜூலையில் கொண்டுவந்த ஏ.பி.சி. திட்டத்தில், நாம் வாங்கிய கிரெடிட்கள் நம் பெயரில் அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை இருக்கும். ஆனால், டிகிரி தரும் கல்வி நிறுவனத்திலேயே குறைந்தது 50% கிரெடிட் வாங்கியிருக்க வேண்டும். தங்கச்சியோ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலேயே முடித்துவிட்டாள். அவளுக்கு இருந்தது பழைய வழி மட்டும்தான். இரண்டு சிலபஸையும் ஒப்பிட்டு, சமம் என்று பல்கலைக்கழகம் ஒப்புதல் தர வேண்டும். மூன்றாம் ஆண்டில் காலியிடமும் இருக்க வேண்டும்.

முன்கூட்டியே பேசிவைத்த இடங்களில் இந்த அலைச்சல் இல்லை. பாலிடெக்னிக் முடித்த பையன் நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் உட்காருகிறான். அவன் படித்தது எதற்குச் சமம் என்பது அவன் சேரும் முன்பே முடிவாகியிருக்கிறது. போரால் 2022-ல் உக்ரைனிலிருந்து திரும்பிய மருத்துவ மாணவர்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. இந்தியக் கல்லூரிகளில் அவர்களைச் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். படித்த வருடங்கள் பொய்யில்லை. அதைச் சமமாக ஏற்க யாரும் முன்பே ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

ஸ்வயம் ஆன்லைன் பாடங்களும் இப்படித்தான். ஒரு செமஸ்டரில் 40% வரை அதில் படிக்கலாம் என்கிறது விதி. ஆனால் அந்தப் பாடத்தைக் கல்லூரி முதலில் அனுமதித்திருக்க வேண்டும். கல்லூரியின் ஒருங்கிணைப்பாளர் வழியாகப் பதிவும் செய்திருக்க வேண்டும். தானாகப் படித்துவிட்டு சர்ட்டிஃபிகேட்டோடு போய் நின்றால் கதை மாறிவிடும்.

தங்கச்சி இரண்டாவதாக ஒரு கல்லூரிக்குப் போனாள். இந்த முறை ஜன்னலில் நிற்காமல், கணிதத் துறைத் தலைவரைப் பார்த்தாள். அவர் மார்க் ஷீட்டைப் புரட்டிவிட்டு, "இது போதாதும்மா, சிலபஸ் வேணும்" என்றார். கோவைக் கல்லூரியில் கேட்டு, ஒவ்வொரு பேப்பரின் சிலபஸையும் கையெழுத்து, முத்திரையோடு வாங்கி வந்தாள். அவர் பென்சிலோடு உட்கார்ந்து பேப்பர் பேப்பராக ஒப்பிட்டார். மூன்று பேப்பர் மட்டும் பொருந்தவில்லை. அதைக் கூடுதலாக எழுதினால் மூன்றாம் ஆண்டில் சேரலாம் என்று எழுதி அனுப்பினார். ஒப்புதல் வந்தது.

கல்யாணமோ, வேலை மாறுதலோ, உடம்புக்கு முடியாமலோ, எதற்காகப் படிப்பை நிறுத்தினாலும், டி.சி. வாங்கும் அன்றே சிலபஸ் நகலையும் முத்திரையோடு வாங்கிவிடுங்கள். பிறகு ஊரிலிருந்து ஓடி வந்து கேட்பது பெரும்பாடு. சேரப்போகும் கல்லூரியில் துறைத் தலைவரைப் பாருங்கள். என்ன சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள்.

இப்போது தங்கச்சி காலை பஸ்ஸில் பாளையங்கோட்டை போய் வருகிறாள். வழக்கமான பேப்பர்களோடு அந்த மூன்றும் சேர்ந்துகொண்டதால், பிள்ளை தூங்கிய பிறகுதான் நோட்டை எடுக்க முடிகிறது. "அதுல ஒண்ணுல பாதி நான் ஏற்கெனவே படிச்சதுதான்க்கா" என்று அலுத்துக்கொள்கிறாள். ஆனாலும் வீட்டில் சொன்ன ஒரு வருடக் கணக்கு தப்பவில்லை. அத்தையும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்.